சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான ஷபாத்தை உண்மையிலேயே கடைப்பிடிக்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையனும் நாலு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள், வாராவாரம் நடக்கிறது. அழகாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன்.

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் என்னைப்போலக் கல்யாணத்தை ஒட்டி யூத மதத்துக்குள் வந்தவர் என்று தோன்றுகிறது. பிறந்ததிலிருந்து இதில் ஊறியவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. எனக்குத் தேனிப் பக்கம். மூன்று வருடம் படித்து முறைப்படி மதம் மாறினேன். இப்போது நியூ ஜெர்சியில், ஹைலண்ட் பார்க்கில் இருக்கிறோம். (காசுக்காக மாறினாயா என்று கேட்க வருகிறவர்கள், இங்கே பிள்ளைகளுக்குக் கட்டும் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இஸ்ரேல் அரசியல் பேச வேறு கேள்விகள் நிறைய இருக்கின்றன.) நான் ரப்பி (யூத மதகுரு) இல்லை. சட்டச் சந்தேகம் என்றால் உங்கள் ரப்பியிடம்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே விளக்கேற்றிவிட வேண்டும். எங்கள் ஊரில் டிசம்பரில் அது நாலு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், ஜூன் கடைசியில் எட்டேகால் ஆகும். குளிர்காலத்தில் நமக்கு மூச்சுமுட்டும். கோடையில் கிட்டுஷ் (சாப்பாட்டுக்கு முன் ஒயினோடு சொல்லும் ஜெபம்) சொல்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிழும். அதனால் கோடையில் ஏழு மணி வாக்கிலேயே ஷபாத்தை ஏற்றுக்கொள்கிறோம், அதற்கு இடமுண்டு. அதன்பிறகு சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பில்லை, சுவிட்ச் இல்லை, போன் இல்லை. டாய்லெட் பேப்பரைக்கூட முன்கூட்டியே கிழித்து வைப்போம். ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றிவிடுவோம், சத்தம் போடும் பேட்டரி பொம்மைகள் அலமாரிக்குள் போய்விடும் (இந்த ஒன்றுக்காகவே ஷபாத் வாழ்க). குழந்தையைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோக எருவ் வேண்டும். ஊரைச் சுற்றிக் கம்பமும் கம்பியுமாக ஓர் எல்லை. அது இல்லாத தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக்கூட அனுமதியில்லை. புயலில் கம்பி அறுந்த வாரம் கைக்குழந்தைக்காரிக்கு வீட்டுச்சிறைதான்.

மகள் பிறந்தபோது பிரசவம் பார்க்க அம்மா வந்திருந்தார். வெள்ளி இரவு மாப்பிள்ளை பேரன் தலையில் கைவைத்து, எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் (பைபிளில் வரும் யோசேப்பின் பிள்ளைகள்) கடவுள் உன்னை ஆக்கட்டும் என்று ஆசீர்வதித்ததில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை நல்லாத்தான் போனது.

சனி விடியற்காலை அம்மா எழுந்து பார்த்திருக்கிறார். ஹாட் பிளேட்டின் மேல் பெரிய சட்டி. பார்லி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, கோழி போட்டு முந்தின நாளே வேகவைத்த சோலண்ட், மதியச் சாப்பாட்டுக்கு. "ராத்திரி பூரா கரண்ட் ஓடுதேன்னு அமத்திட்டேன்டி" என்றார். மதியம் ஜெபக்கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பும்போது சட்டி சில்லென்று இருந்தது.

மூன்று வயதுப் பையன் பசியில் கத்துகிறான். ரொட்டியைத் தொடமாட்டான். பச்சை உடம்போடு நான் அழுதுவிட்டேன். ரப்பிக்குப் போன் பண்ண முடியாதே, இவர் நடந்தே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தார். ரப்பி சொன்னது இது: சின்னக் குழந்தையின் தேவை என்பது நோயாளியின் தேவை மாதிரி. யூதரல்லாத ஒருவரிடம் சொல்லி அதற்கு மட்டும் செய்யலாம். பெரியவர்கள் அந்தச் சூட்டில் பங்கு கேட்கக்கூடாது.

அம்மா அடுப்பைப் பற்றவைத்து, கையில் எடுத்த பால் சட்டியை (பாலுக்கும் இறைச்சிக்கும் எங்கள் வீட்டில் தனித்தனிச் சட்டி) நான் போட்ட கூச்சலில் கீழே வைத்துவிட்டு, இறைச்சிச் சட்டியில் ஒரே ஒரு கிண்ணம் சுடவைத்தார். அவன் சாப்பிட்டான். நாங்கள் ஆறிப்போனதைச் சாப்பிட்டோம். "நீங்க சுடவச்சுக்கலாம்மா, உங்களுக்குத் தடையில்ல" என்றேன். "மாப்பிள்ளையே ஆறினதைத் திங்கிறாரு, எனக்கென்னடி" என்று தட்டை நீட்டினார்.

இதைக் கொடுமை என்று சொல்வீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத்தை மீறியே ஆக வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். அன்றைக்கு ஆபத்து எதுவும் இல்லை, சாப்பாடு ஆறியது, அவ்வளவுதான். என் பாட்டியின் கார்த்திகைச் சோமவார விரதத்தை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை.

எனக்குக் கோபமெல்லாம் வேறு இடத்தில். இங்கே பக்கத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை காலையில். ஞாயிறுக்கு ஒரு வகுப்பாவது மாற்றுங்கள் என்று இரண்டு வருடம் கேட்டேன். "ஒரு பிள்ளைக்காகவா?" என்றார்கள். பையன் எபிரேயத்தில் தடவித் தடவிப் படிக்கிறான், 'ழ' எழுதத் தெரியாது. ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையில் நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன். மொழி அழிகிறது என்று மேடையில் பேசுகிறவர்களும் அவர்கள்தான்.

அம்மா இப்போது ஊரில். வெள்ளிதோறும் இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவார், எடுத்ததும் முதல் கேள்வி: "அந்தப் பிளேட்டுக்கு மேல அமத்தாதேன்னு எழுதி ஒட்டிருக்கியா இல்லையா?"