ரோமர் 16: பெபேயாள் யார்?

சகோதரி, பெண்கள் ஐக்கியத்தில் ஆதிச்சபைப் பெண்கள் பற்றிப் பேசப்போவதாகவும், பவுல் ரோமர் நிருபத்தில் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் பெபேயாளைக் குறித்து ‘அவள் சும்மா ஊழியக்காரிதானே’ என்று மூப்பர் ஒருவர் சொன்னதில் தயங்கி நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம்.

ரோமர் 16:1-ஐயும் பிலிப்பியர் 1:1-ஐயும் அருகருகே விரித்து வையுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் பெபேயாள் ‘ஊழியக்காரி’. பிலிப்பியில் சபைத் தலைவர்களான கண்காணிகளோடு சேர்த்துச் சொல்லப்படுபவர்கள் ‘உதவிக்காரர்’. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான்: டியாகோனோஸ், அதாவது பணிவிடை செய்பவர். அங்கே சபைப் பொறுப்பாகப் படிக்கிற சொல்லை இங்கே மட்டும் ‘சும்மா’ என்று தள்ள முடியாது. ரோமர் 16:2-ல் பவுல் பெபேயாளைப் ‘புரோஸ்டாடிஸ்’ என்கிறார். செல்வாக்கால் பிறரைத் தாங்கும் புரவலரையும் அந்தச் சொல் குறிக்கும். தமிழில் அது ‘ஆதரவாயிருந்தவள்’ என்று மெலிந்துவிட்டது.

வேதத்துக்கு வெளியிலும் சாட்சி உண்டு. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்களைப் பற்றி அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகச் சொல்கிறார். சபையார் அவர்களை அழைத்த பெயரையும் லத்தீனில் குறிக்கிறார்: ‘மினிஸ்த்ரே’, அதாவது பணிவிடைக்காரிகள். ரோமச் சட்டத்தில் அவர்கள் ஆண்டானின் உடைமை. சபையிலோ ஒரு பொறுப்பு இருந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை முதலில் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்று சொல்லும் 1 தீமோத்தேயு 2:12-ஐ யாராவது நிச்சயம் கேட்பார்கள். மறைக்காமல் நீங்களே வாசித்துவிடுங்கள். அப்புறம் அப்போஸ்தலர் 18:26-க்குப் போங்கள். வேதத்தில் வல்லவரான அப்பொல்லோவுக்கே தேவனுடைய மார்க்கத்தை விவரித்துக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாளின் கதை எல்லோருக்கும் தெரியும், நேரம் மிஞ்சினால் சொல்லலாம்.