செயற்கைக்கோள் இரவெல்லாம் கண் விழிக்காது

கேள்வி: பயங்கரவாத எதிர்ப்புப் படையை வைத்து ஒரு ராணுவத் த்ரில்லர் எழுதி உங்கள் தொடர்கதைப் பகுதிக்கு அனுப்பினேன். செயற்கைக்கோள் விடிய விடிய வில்லனின் காரைத் துரத்துகிறது. டிரோன் ஏவுகணை வீசுகிறது. கமாண்டோக்கள் தெர்மல் கேமராவால் கட்டடத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். சைலன்சர் துப்பாக்கியால் ஆறு காவலாளிகளைச் சத்தமில்லாமல் சாய்க்கிறார்கள். 4 விநாடி மிச்சமிருக்கும்போது நாயகன் சிவப்பு ஒயரை வெட்டுகிறான். ‘தொழில்நுட்பம் தவறு, பரபரப்பும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வாசகர் என்ன டெசிபல் மீட்டரை வைத்துக்கொண்டா கதை படிக்கிறார்? கற்பனைக்கு இடமே கிடையாதா?

பதில்: தாராளமாக உண்டு. உங்கள் கைப்பிரதியில்தான் அதைக் காணோம். தவறு இருக்கிறது என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் கருவிகளில் ஒன்றுகூட மக்கர் பண்ணுவதில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற, எல்லாவற்றையும் சாதிக்கிற படையின் எதிரே வில்லன் என்னதான் செய்வான்? மூன்றாம் அத்தியாயத்திலேயே மாட்டியிருக்க வேண்டியவன் நாற்பதாம் அத்தியாயம் வரை ஓடுகிறான் என்றால், நீங்கள் ஓடவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்வோம். சுமார் 500 கி.மீ. உயரத்தில் பறந்து படம் எடுப்பது விநாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஓர் ஊரின் வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடக்க அதற்குப் பன்னிரண்டு நிமிடம் அதிகம். 95 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது பூமி 24 டிகிரி திரும்பிவிட்டிருக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் என்றால் 2,600 கி.மீ. தள்ளி வேறு ஏதோ ஊர்தான் கீழே இருக்கும். நகராமல் ஒரே இடத்துக்கு மேல் நிற்கிற வகையும் உண்டு. அது 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புயல் தெரியும், கார் தெரியாது. கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய நல்ல படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 செ.மீ.; மேலிருந்து பார்த்தால் ஒரு மனிதத் தலை ஒரு புள்ளிகூடத் தேறாது. உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் அதில் வில்லனின் கன்னத் தழும்பு தெரிகிறது.

இந்தக் குறையில் எவ்வளவு கதை இருக்கிறது, பாருங்கள். 1998 மே மாத அணுகுண்டுச் சோதனைக்கு முன் பொக்ரானில் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடந்தது. விடிவதற்குள் கனரக வாகனங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள், எதுவும் அசையவில்லை என்று மேலே இருப்பவர் நம்பட்டும் என்று. அமெரிக்க உளவுத்துறை ஏமாந்தது. செயற்கைக்கோள் எப்போது வரும் என்று தெரிந்த ஒரு வில்லனை உங்களால் எழுத முடியாதா?

டிரோனும் இப்படித்தான். ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி உட்கார்ந்து ஓட்டுபவரின் கட்டளை அந்த 35,786 கி.மீ. ஏறி இறங்கித்தான் போகவேண்டும். படம் திரும்பி வருவதற்குள், சுருக்கி விரிக்கிற நேரத்தையும் சேர்த்தால், ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் அமெரிக்காவின் எம்க்யூ-9 போன்ற பெரிய டிரோன்களை ஏற்றி இறக்குவதற்கு ஓடுதளத்தின் அருகிலேயே நேரடி ரேடியோவோடு தனிக் குழு இருப்பது வழக்கம். லேசர் வழிகாட்டும் ஹெல்ஃபயர் ஏவுகணை 8 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறக்குறைய அரை நிமிடம் எடுக்கும். அதுவரை லேசர் புள்ளி இலக்கின் மேலேயே நிற்கவேண்டும். நடுவில் மேகம் வந்தால் போச்சு. யாராவது அப்பாவி குறுக்கே வந்தால் புள்ளியை இழுத்துக்கொண்டு போக, காலியான ஓர் இடத்தை முன்பே பார்த்து வைத்திருப்பார்கள். கடைசிச் சில விநாடிகளில் இழுத்துப் பிரயோசனமில்லை, ஏவுகணையால் அவ்வளவு திரும்ப முடியாது. அந்த அரை நிமிடத்துக்கு நான்கு பக்கம் கொடுக்கலாம். நீங்கள் ‘பட்டனை அழுத்தினான், வெடித்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, நாயகனின் துப்பாக்கி வர்ணனைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெர்மல் கேமராவுக்குச் சுவர் மட்டுமல்ல, சாதாரண ஜன்னல் கண்ணாடிகூடத் தடைதான். கண்ணாடியின் சூடுதான் அதில் தெரியும், உள்ளே நிற்கும் ஆள் தெரியமாட்டார். துப்பாக்கி வெடிப்பு 160 டெசிபல் அளவில் இருக்கும். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும், மிச்சமும் காது வலிக்கிற சத்தம்தான். தோட்டா ஒலியை மிஞ்சிப் போனால் அது தனியாக ஒரு சொடுக்குப் போடும், அதற்கு எந்தக் குழாயும் மருந்தல்ல. சிவப்பு ஒயர் சமாசாரத்தை விட்டுத்தள்ளுங்கள். வெடிகுண்டு செயலிழப்புக் குழு முடிந்தவரை ரோபோவை அனுப்பி, அதிவேக நீர்த்தாரையால் குண்டின் மின்சுற்றைச் சிதறடிக்கப் பார்க்கும். ஆள் போயே ஆகவேண்டும் என்றால் சுமார் 35 கிலோ எடையுள்ள கவச உடையில் வியர்த்து வழிந்தபடி போவார். அந்த உடையில் பெரும்பாலும் கைகளுக்கு மட்டும் கவசம் இருக்காது. விரல் நுணுக்கம் வேண்டுமே! உங்கள் நாயகன் தோல் கையுறை மாட்டிக்கொண்டு போகிறான். குண்டு தயாரிப்பை விவரிக்கும் பக்கங்களை, கதை ஏற்கப்பட்டாலும் நான் வெட்டிவிடுவேன். அதில் விவாதமில்லை.

இப்போது அதிரடி நடவடிக்கை. டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த தூதரக ஊழியர்களை மீட்க 1980 ஏப்ரலில் அமெரிக்கா 8 ஹெலிகாப்டர்களை அனுப்பியது. குறைந்தது 6 இல்லாமல் மேற்கொண்டு போகக்கூடாது என்பது திட்டம். விசிறி இறக்கையில் விரிசல் என்ற எச்சரிக்கையால் ஒன்று வழியிலேயே கைவிடப்பட்டது. தூசிப்புயலில் கருவிகள் பழுதாகி ஒன்று திரும்பியது. மூன்றாவது ஹைட்ராலிக் கோளாறோடு பாலைவனத்தில் இறங்கியது. ஆளரவமற்றது என்று தேர்ந்தெடுத்த அந்த இடத்தில் பயணிகளோடு ஒரு பேருந்து வேறு வந்து சேர்ந்தது! 5 மட்டுமே மிஞ்ச, திட்டம் ரத்து. கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் விமானத்தின் மேல் மோதி 8 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

2011 மே மாதம், பின்லேடனைத் தேடி அமெரிக்கக் கமாண்டோக்கள் இறங்கிய பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் வேறு சிக்கல். ஒத்திகைக்காகக் கட்டிய மாதிரி வளாகத்தில் வெளிச்சுவருக்குப் பதில் கம்பிவேலி. நிஜச் சுவர் காற்றை வெளியே விடவில்லை, வெக்கையும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். தன் விசிறி கீழே தள்ளிய காற்றிலேயே ஹெலிகாப்டர் தூக்குவிசை இழந்து சரிந்தது, வால் சுவரில் சிக்கியது. வேலி வைத்து ஒத்திகை பார்த்தவர் யார், அவர் அந்த இரவு எங்கே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? கற்பனை வேலை செய்யவேண்டிய இடம் அதுதான்.

வெற்றிக்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் உங்கள் கதையில் இல்லை. 2002 அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கில் பார்வையாளர்களைப் பிணையாகப் பிடித்திருந்த தீவிரவாதிகளை, ரஷ்யப் படையினர் மயக்க வாயு செலுத்தி முடித்தார்கள். ஆனால் அது என்ன வாயு என்று மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. மயங்கியவர்களை மல்லாக்கப் படுக்கவைத்ததில் பலருக்கு மூச்சு அடைத்தது. பிணைக்கைதிகள் நூற்றுக்கும் மேல் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த வாயுவால்தான்.

எதிராளியையும் கவனியுங்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது, ஏவிவிட்டவர்கள் நேரடி ஒளிபரப்பைப் பார்த்தபடி இணையத் தொலைபேசியில் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தொலைக்காட்சியே அவர்களுக்குச் செயற்கைக்கோள். உங்கள் வில்லன் மூன்று இடத்தில் சிரிக்கிறான், ஓர் இடத்திலும் யோசிக்கவில்லை.

திருத்தி எழுதுவதாக இருந்தால் 9, 22, 37 ஆகிய மூன்று அத்தியாயங்களை மட்டும் முதலில் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் ஆட்களின் கருவி ஒன்று காலை வாரவேண்டும், அதற்கு ஏற்கத்தக்க காரணம் இருக்கவேண்டும். துப்பாக்கி மாடல் எண்கள் வேண்டாம்.