போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்: பட்டறைக் கருவிகள் பற்றிய கேள்வி பதில்

கோயம்புத்தூரில் 29 ஆண்டுகளாகப் பைக்குகளும் கார்களும் பழுது பார்க்கிறேன். கருவிகளை வாங்குவது, கையாள்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "எந்தக் கம்பெனி நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும். நல்ல கம்பெனியின் தவறான அளவு ஸ்பேனரால் கெட்ட போல்ட்டுகளை நான் ஒரு வாளி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரை இனி நானே சர்வீஸ் செய்யலாம் என்று இருக்கிறேன். 46 உருப்படிகள் கொண்ட சாக்கெட் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருப்பூர் மாணவர்)

பதில்: திறந்தால் நகைப்பெட்டி போல மின்னும், தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகளில் வரும் ராட்செட் (சாக்கெட்டுகளை மாட்டித் திருப்பும் கைப்பிடி) பெரும்பாலும் கால் இஞ்ச் சதுர முனை கொண்டது. 8, 10 அளவு (தலையின் அகலம், மில்லிமீட்டரில்) போல்ட்டுகளுக்கு அருமையாக இருக்கும். பின் சக்கர அச்சு நட்டில் மாட்டி இழுத்தால் நட்டு அசையாது, ராட்செட்டின் பல்தான் போகும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள் தம்பி. எந்த இடத்தில் எந்த அளவு போல்ட் என்று எழுதுங்கள். 8, 10, 12, 14, 17, 19 என்ற ஆறு அளவுகளுக்குள் உங்கள் வேலையில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆயில் இறக்கும் போல்ட் 17. ஸ்பார்க் பிளக்குக்கு 16 வேண்டும். அந்தக் குழாய் ஸ்பேனர் வண்டியோடு வந்த பையிலேயே இருந்திருக்கும், வீட்டில் தேடிப் பாருங்கள். ஒரு ரிங் ஸ்பேனர் செட், 8, 10 அளவுகளில் டி வடிவ ஸ்பேனர், முனை கெட்டியான ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு நோஸ் பிளையர். முதல் ஆண்டுக்கு இவை போதும். சாக்கெட் வாங்கும் நாளில் உள்ளே ஆறு மூலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் போல்ட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும், கொஞ்சம் துருப்பிடித்த தலை என்றால் வழுக்கிவிடும்.

கேள்வி: பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூவைக் கழற்றும்போது நடு வெட்டு வழுக்கி வட்டமாகிவிட்டது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்தான். எங்கே தவறு? (ஈரோடு)

பதில்: உங்கள் கையில் தவறு இல்லை. ஸ்டார் என்று நாம் சொல்வதில் இரண்டு சாதி உண்டு. கடையில் கேட்டவுடன் கிடைப்பது பிலிப்ஸ். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தர ஸ்க்ரூக்கள் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உற்றுப் பார்த்தால் ஜிஸ் ஸ்க்ரூவின் தலையில் பல சமயம் ஒரு சிறு புள்ளி தெரியும். பிலிப்ஸ் முனை அந்த வெட்டுக்குள் முழுமையாக இறங்காது. திருகும்போது மேலே எழும்பி வெட்டைத் தின்றுவிடும். ஜிஸ் முனை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே வேலை செய்யும்.

இப்போது கெட்டுப்போனதற்கு இம்பாக்ட் டிரைவர் என்ற கருவி இருக்கிறது. பின்னால் சுத்தியலால் அடித்தால், அழுத்திக்கொண்டே கொஞ்சம் திரும்பும். ஆனால் பிரேக் டப்பா மென்மையான அலுமினியம், அதில் ஓங்கி அடிக்கக் கூடாது. தலை போன ஸ்க்ரூவின் விளிம்பில் சிறு உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் மெதுவாகத் தட்டுங்கள். சுற்றிலும் துணி போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

கேள்வி: யமஹா வண்டியின் வலது கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை. எவ்வளவு இழுத்தாலும் இறுகுகிறது.

பதில்: நீங்கள் இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யமஹாவில் வலது கண்ணாடிக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்புங்கள், கழன்றுவிடும்.

கேள்வி: ஐயா, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் உண்மையிலேயே தேவையா? எங்கள் ஊர் மெக்கானிக்குகள் யாரிடமும் இல்லை. கை அளவே போதும் என்கிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: நானும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஆயில் போல்ட்டை இறுக்கினான். நல்ல உழைப்பாளி, முந்தைய பட்டறையில் லாரி வேலை பார்த்தவன். எஞ்சின் அடிப்பாகத்தின் மரை போல்ட்டோடு சுருள் சுருளாக வெளியே வந்தது. வண்டிக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புது மரை போட்டுக் கொடுத்தோம். செலவு என்னுடையது. பையனை என்ன சொல்வது? லாரியில் பழகிய கைக்கு 17 ஸ்பேனர் ஒரு விளையாட்டுச் சாமான்.

கணக்கு எளிதானதுதான். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஒரு கிலோ தொங்கினால் வரும் முறுக்கு விசை ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். 10 ஸ்பேனர் பிடிக்கும், தண்டு 6 மில்லிமீட்டர் உள்ள சாதாரண போல்ட்டுக்கு அவ்வளவுதான் தேவை. 10 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரில் அது 10 கிலோ இழுப்பு. அதே போல்ட்டை 25 சென்டிமீட்டர் ராட்செட்டால் இறுக்கினால் 4 கிலோ போதும். கைக்கு 4 கிலோ ஒன்றுமே இல்லை, தெரியாமலே 10 கிலோ இழுத்துவிடும். நீளமான கருவியில் சின்ன போல்ட்டுகள் முறிவது இதனால்தான்.

ஆகவே வாங்குங்கள், ஆனால் அளவு பார்த்து வாங்குங்கள். கார் சக்கர நட்டுக்கு வேண்டியது 100 நியூட்டன் மீட்டர் பக்கம். அதற்கான அரை இஞ்ச் ரெஞ்சால் பைக்கின் சிறு போல்ட்டுகளை அளக்க முடியாது. பைக் வேலைதான் என்றால் 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறியதை முதலில் வாங்குங்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பதை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். டார்க் ரெஞ்சை வைத்துப் போல்ட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள். "டக்" என்ற சத்தம் (வைத்த அளவு வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்) ஒருமுறை கேட்டால் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பவர்கள் அதிகமாக இறுக்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் காரின் டயரை நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். அடுத்து ஆயிலையும் நானே மாற்ற ஆசை. வண்டியோடு வந்த ஜாக்கி போதுமா? (மதுரை, இல்லத்தரசி)

பதில்: போதாது, அம்மா. இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது, ஒரு நிமிடம்கூட. ஹைட்ராலிக் ஜாக்கியும் நம்பத்தக்கதல்ல. உள்ளே ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் வண்டி இறங்கிவிடும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். சமதளமான சிமென்ட் தரை, ஹேண்ட் பிரேக், முதல் கியர், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை. தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி, காரைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். வீட்டில் மீந்த ஹாலோ பிளாக்கை வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

கேள்வி: தாத்தாவின் பழைய புல்லட் கைக்கு வந்திருக்கிறது. 13 ஸ்பேனர் நுழையவில்லை, 14 ஆடுகிறது. (காரைக்குடி)

பதில்: கொடுத்து வைத்தவர்! அது விட்வொர்த் அளவு. பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்த மரபு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டு அளவு, தலையின் அகலம் அல்ல. கால் இஞ்ச் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் குழப்பம் அங்கேதான். பழைய புல்லட் வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டால் ஒரு செட் கிடைக்கும். அதுவரை 14-ஐப் போட்டு முனைகளைத் தேய்க்காதீர்கள்.

இன்னொரு மகிழ்ச்சி: வார்ப்பிரும்பு எஞ்சினாக இருந்தால் டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்த பிறகு, அழுத்தக் கட்டத்தில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராடை விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மெல்லிய ஸ்பேனர்களும் பொறுமையும் இருந்தால் போதும்.

கேள்வி: ஸ்கூட்டர் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வோல்ட் அளக்கும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இதைச் சொல்லிவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகும் வழியில்தான் கோளாறு, புது பேட்டரியும் விரைவில் படுத்துவிடும். நிறைந்த பேட்டரி செல்ஃப் அழுத்தியதும் 9-க்குக் கீழே விழுந்தால், முனைகளைச் சுத்தம் செய்து மீண்டும் பாருங்கள். அப்படியும் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: காற்றழுத்த இம்பாக்ட் கன் வாங்கலாமா?

பதில்: கழற்றுவதற்கு வாங்குங்கள். இறுக்குவதற்குக் கை இருக்கிறது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஸ்பேனர்கள் எடைக்கு விற்கிறார்கள். எடுக்கலாமா? (சேலம்)

பதில்: என் பெட்டியில் பாதி அப்படி வந்ததுதான். புது போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரின் வாயில் அதை வைத்து ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் வாய் விரிந்துவிட்டது, விடுங்கள். ராட்செட்டை இரு பக்கமும் காதருகே வைத்துச் சுற்றினால் பல் தாண்டும் இடம் கேட்கும். குரோம் பூச்சு செதில் செதிலாக எழும்பியதை எடுக்காதீர்கள், விரலைக் கத்தி போல வெட்டும். வெறும் துரு என்றால் கவலை வேண்டாம், ஒரு இரவு டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.