உப்பளத்துக் கால்களைப் படமெடுத்த பெண்ணை எதில் சேர்ப்பது?

மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டுத் தூத்துக்குடியிலிருந்து என்னிடம் வந்த அந்த அம்மா உட்கார்ந்ததுமே அழுதுவிட்டார். பிளஸ் டூ முடித்த மகள் போட்டோ எடுக்கத்தான் போவேன் என்று நிற்கிறாள். பெரியப்பாவோ ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். "பொம்பளைப் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையுமா?" என்று அத்தை வேறு கேட்டிருக்கிறார்.

தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்தினேன். அப்புறம் மகளின் போனை வாங்கிப் பார்த்தேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவின் கால்கள். குதிகால் வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. படம் நன்றாகவே இருந்தது. ஆனால் என்னை அசைத்தது அவளுடைய நோட்டு. எடுத்த தேதி, அக்கா வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம், அன்றைய கூலி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: 'முகம் வேண்டாம், காலை எடுத்துக்கோ என்றார்.'

1936-ல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்து பட்டினி கிடந்தவர்களின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். உலகமே பார்த்த அந்தப் படத்தில் இருந்தவரின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அது புளோரன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது. படத்தால் தனக்குக் காசு எதுவும் வரவில்லை என்று தாம்சன் அப்போது வருத்தப்பட்டார். லாங் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உங்கள் மகள் பதினேழு வயதில், எதை எடுக்கலாம் என்று அக்காவையே கேட்டிருக்கிறாள், அம்மா. இவளை நான்கு வருடம் கோடிங்கில் உட்காரவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சீட்டு பேசியவர் பெரியப்பா. கடன் ஏறப்போவது உங்கள் தலையில்.

அதற்காக, லட்சக்கணக்கில் வாங்கும் போட்டோகிராபி டிப்ளமோவுக்கு நகையை அடகு வைக்கவும் கூடாது. இதிலும் நான் கறார்தான்.

யாரும் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது: பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணிப் பட்டம். வகுப்போடு களப்பணியும் பாடத்தில் உண்டு. குடிசைப் பகுதி, மருத்துவமனை, காப்பகம் என்று அனுப்புவார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது, எப்போது எழுந்து வந்துவிடுவது என்பதெல்லாம் அங்கேதான் கைவரும். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரும் முகமும் தெரியக் கூடாது என்பது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் வகுத்த நெறி. அது ஏன் என்பது களத்தில் நின்றவருக்குச் சட்டென்று விளங்கும். ரோஹிங்யா அகதிகளைப் படமெடுத்து 2018-ல் புலிட்சர் விருது பெற்ற ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவில் இருந்த டேனிஷ் சித்திகி முதலில் படித்தது பொருளாதாரம். மனிதர்களைப் படித்தபின் ஆசை அப்படியே இருந்தால், குஜராத் காந்திநகரில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) போட்டோகிராபி முதுகலைக்கு நுழைவுத்தேர்வு எழுதட்டும்.

கேமரா? செகண்ட் ஹேண்டில் ஒன்று, கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ். போதும். பட்டம் படிக்கும் மூன்று வருடமும் எடுக்க அதே உப்பளம், அதே அக்கா, மழைக்காலத்தில் வேலையில்லாத அந்த வீடு. மாணவர்கள் கிராமங்களிலிருந்து எழுதுவதை, கிராம மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்யும் 'பாரி' இணையதளம் வெளியிடுகிறது, அங்கே அனுப்பட்டும். அங்கிருக்கும் பழனி குமார், மதுரைப் பக்கம் மீன் விற்ற ஓர் அம்மாவின் மகன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களை வருடக்கணக்காகப் படமெடுத்துவருபவர். ஆவணப் புகைப்படத்துக்கான தயானிதா சிங்–பாரி விருது முதன்முதலில், 2022-ல், அவருக்குத்தான் கிடைத்தது.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். ஆரம்பத்தில் குறைவுதான், கல்யாண போட்டோவும் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் தொண்டு நிறுவனங்களுக்குத் தங்கள் வேலையைப் படத்தோடு பதிவுசெய்ய ஆள் வேண்டும். சமூகப்பணியும் கேமராவும் சேர்ந்து தெரிந்தவர்கள் அபூர்வம்.

பெரியப்பாவிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம், அந்தக் கால் படத்தை ஒரு பிரிண்ட் போட்டு அக்கா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது நான் படிக்க வேண்டும்.