குதிரைமேல் ஏறினால் கை ஏன் கவிழ்கிறது?

கேள்வி: எட்டு மாதமாகச் சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் குதிரையேற்றம் கற்றுவருகிறேன். லகான் பிடித்த கையைப் பார்த்து "கட்டைவிரல் மேலே!" என்று கோச் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார். திருத்திக்கொள்கிறேன், ஆனால் இரண்டு சுற்றுக்குள் உள்ளங்கை மறுபடி கவிழ்ந்துவிடுகிறது. டிராட்டில் (குதிரையின் துள்ளோட்டத்தில்) கை வேறு துள்ளுகிறது. இதைச் சரிசெய்ய ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கையைத் திருத்தப் பார்க்காதீர்கள், முழங்கையைப் பாருங்கள். இதைப் படிக்கும்போதே செய்து பார்க்கலாம். பியானோ வாசிப்பதுபோல இரண்டு உள்ளங்கையும் கீழே பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், முழங்கை விலாவை விட்டு மெல்ல விலகும். இப்போது இரண்டு கையிலும் ததும்பத் ததும்ப தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) கிளாஸ் இருப்பதாக நினைத்துச் சிந்தாமல் பிடியுங்கள். கட்டைவிரல் தானாக மேலே வந்துவிடும், முழங்கையும் விலாவோடு வந்து சேர்ந்துகொள்ளும். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை கவிழ்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடக்கும், கட்டைவிரல் மேலே இருந்தால் கிட்டத்தட்ட இணையாக நிற்கும். நாள் முழுக்கக் கீபோர்டு தட்டுகிற நம் கைக்குக் கவிழ்ந்த நிலைதான் பழக்கம், அதனால் கவனம் கொஞ்சம் பிசகினாலும் அங்கேயே போய் நிற்கும்.

டிராட்டில் துள்ளுவது வேறு கதை. துள்ளலுக்கு ஏற்ப நீங்கள் சேணத்திலிருந்து எழும்போது முழங்கை விரிய வேண்டும், உட்காரும்போது மடங்க வேண்டும், கதவுக் கீல் மாதிரி. அது பூட்டிக்கொண்டால் உடம்போடு சேர்ந்து கையும் ஏறி இறங்கும், ஒவ்வொரு முறையும் குதிரையின் வாயை வெடுக்கென்று இழுக்கும். இதற்குப் பயந்து கையை விறைப்பாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. டிராட்டில் குதிரையின் தலை பெரும்பாலும் ஆடாது, ஆனால் நடையிலும் கேன்டரிலும் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) தலை முன்னும் பின்னும் போய்வரும், கை அதோடு போக வேண்டும். 'கை அசையாமல் இருக்கட்டும்' என்று கோச் சொன்னால், குதிரையின் வாய்க்கு அசையாமல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். குதிரையின் கழுத்தில் ஒரு வார் கட்டித்தரச் சொல்லி, லகானைப் பிடித்தபடியே இரண்டு சுண்டுவிரலையும் அதில் மாட்டிக்கொண்டு டிராட் போங்கள். கை ஓரிடத்தில் நிற்பதால் முழங்கை வேறு வழியில்லாமல் விரிந்து மடங்கும். பத்து நிமிடம் போதும். இன்னொன்று, நடையில் மட்டும், சாட்டையைப் படுக்கைவசமாக இரண்டு கட்டைவிரலுக்கும் அடியில் பிடித்துக்கொள்வது. ஒரு கை இறங்கினாலோ கவிழ்ந்தாலோ சாட்டை சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பழக்கத்தை மாற்ற மைதான ஓரத்து எழுத்துப் பலகைகள் கைகொடுக்கும். 20க்கு 40 மீட்டர் மைதானமென்றால் சுற்றிலும் எட்டு எழுத்து இருக்கும். ஒவ்வொன்றையும் தாண்டும்போது கட்டைவிரலை மட்டும் பாருங்கள், முதுகு, குதிகால் எதையும் பார்க்க வேண்டாம். சுற்றுக்கு எட்டு முறை ஆகிவிட்டது, கோச்சுக்கும் தொண்டை மிச்சம்.

லகானின் நீளத்தையும் பாருங்கள். நீளமாக விட்டால் கை வயிற்றில் வந்து இடிக்கும். சரியான இடத்தில் கலர் டேப் ஒட்டிக்கொண்டால் வழுக்கியதும் தெரிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையால் வழுக்கத்தான் செய்யும், அதற்காகக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் வேண்டாம். குதிரை மிரண்டு ஓடினால் கையை விடுவிக்க முடியாது. ரப்பர் பதித்த கையுறை வாங்குங்கள்.

இங்கே பயிற்சிக் குதிரைகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவையும் உண்டு. கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று நடந்தது. இழுத்துப் பிடித்தால் கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியவை அவை. நீங்கள் இறுக்க இறுக்க அதுவும் சாயும், கை இன்னும் கவிழும். உங்கள் குதிரை அப்படியா என்று கோச்சைக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கை மட்டும் இறங்கினால் பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இடது கை இரண்டு வருடம் இறங்கியே இருந்தது. வீடியோவில் பார்த்தால் கை பாவம், இடுப்புதான் இடப்பக்கம் சரிந்திருந்தது.