பதில்: ஃபோம் விரியாமல் சப்பையாகிறது

திருமங்கலம் தம்பி, சூட்டில் பழைய வடிவத்துக்கு விரிந்து எலும்புக் குழியை நிரப்ப வேண்டிய பாலிகாப்ரோலாக்டோன் (ஒரு வகை பாலிமர்) ஃபோமை 60 டிகிரி வெந்நீரில் போட்டதும் சப்பையாகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் மேல் பழி போடாதீர்கள். கடையில் வாங்கிய சாதா பாலிமரின் உருகுநிலையே கிட்டத்தட்ட 60தான். சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணையாததால் பழைய வடிவம் அதற்கு நினைவிருக்காது.

சங்கிலி முனைகளில் அக்ரிலேட் (ஒன்றோடொன்று பிணையக்கூடிய வேதிக்குழு) உள்ள வகையை, ஒளி பட்டதும் பிணைப்பைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டி கலந்து உப்புக் கட்டியின் இடுக்குகளில் ஊற்றி, புற ஊதா ஒளி காட்டுங்கள். அப்புறம் உப்பைக் கரைத்தெடுங்கள். ஒரு துண்டை ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் போட்டுப் பாருங்கள். முழுதும் கரைந்தால் பிணைப்பு விழவில்லை. விழுந்திருந்தால் சூட்டில் இளகும், உருகி ஓடாது; 37 டிகிரியில் இறுகிவிடும்.

மதுரைச் சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்யாது, பூட்டிய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்! ஃபோமுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருளால் பூச்சு போடும்போது கரைசல் கறுக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள்; அது சரிதான்.