பெட்டி மேல எழுதாத விஷயங்கள்: பட்ஜெட் போன் கேள்வி பதில்

கேள்வி: பட்ஜெட் போன் வாங்கினப்ப நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப கேலரியைத் திறந்தாலே படம் வர யோசிக்குது, ஆப் அப்டேட் ஆகுற நேரத்துல போனைத் தொடவே முடியல. கம்பெனிக்காரங்க வேணும்னே ஸ்லோ பண்றாங்களா சார்?

பதில்: சதியெல்லாம் தேட வேணாம், நீங்க சொல்ற அறிகுறியைப் பார்த்தா எனக்கு சந்தேகம் ஸ்டோரேஜ் மேலதான். 64 ஜிபி, 128 ஜிபின்னு அளவை மட்டும் கொட்டை எழுத்துல போடுவாங்க, அது என்ன வகைன்னு பெட்டியில தேடினாலும் கிடைக்காது. விலை கம்மியான மாடல்கள்ல நிறைய இடத்துல இருக்குறது இஎம்எம்சி 5.1ங்கிற ஸ்டோரேஜ் வகை, 2015ல வந்த ஸ்டாண்டர்டு, அதோட உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி, நிஜத்துல அதுவும் வராது. விலையில கொஞ்சம் மேல போனா யுஎஃப்எஸ் 2.2ங்கிற வேகமான வகை வரும், அதோட உச்சம் கிட்டத்தட்ட 1200 எம்பி. ஆனா வேகத்தை விட இன்னொரு வித்தியாசம்தான் உங்களைப் படுத்துது: இஎம்எம்சி ஒரு நேரத்துல படிக்கும் இல்லன்னா எழுதும், ரெண்டையும் சேர்த்து செய்யாது. ஒத்தையடிப் பாதை மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்டேட் உள்ள எழுதிட்டு இருக்கும்போது உங்க கேலரி ஓரமா நிக்க வேண்டியதுதான். யுஎஃப்எஸ்ல போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனி வழி இருக்கு.

அதோட, இந்த ரெண்டு வகை ஸ்டோரேஜும் ஃபிளாஷ் மெமரிதான், அதுல பழசை அழிச்சாத்தான் புதுசை எழுத முடியும், அதனால இடம் நிரம்ப நிரம்ப அதுக்கு வேலையும் கூடுது. அஞ்சுல ஒரு பங்கு இடத்தை எப்பவும் காலியா விடுங்க, குரூப்ல வந்த குட்மார்னிங் வீடியோவையெல்லாம் தூக்குங்க, ஓரளவு தெளியும். முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 4 ஜிபி ரேம், கூட 4 ஜிபி விர்ச்சுவல் ரேம், மொத்தம் 8ன்னு விளம்பரம் போடுறாங்களே, நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க, அது 4தான். விர்ச்சுவல் ரேம்ங்கிறது ஸ்டோரேஜ்ல ஒரு மூலையை ஒதுக்கி, ரேம்ல இடம் பத்தாதப்ப சரக்கை அங்க தள்ளி வைக்கிற ஏற்பாடு, ரேமோட வேகத்துக்கு அது கிட்டக்கூட வராது. அந்த ஸ்டோரேஜும் மேல சொன்ன இஎம்எம்சியா இருந்தா உள்ளதும் கெடும். செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, சில போன்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். வாங்குறதுக்கு முன்னாடின்னா நிஜ ரேம் 6 ஜிபி இருக்குற மாடலா பாருங்க, அதுக்காக கேமராவுல ஒரு படி இறங்கினாலும் பரவால்ல.

கேள்வி: 50 மெகாபிக்சல், பின்னாடி மூணு லென்ஸ். படம் மட்டும் ஏன் சுமாரா வருது?

பதில்: மூணுல வேலை செய்யுறது ஒண்ணுதான். மத்த ரெண்டும் பெரும்பாலும் 2 மெகாபிக்சல்ல, ரொம்பக் கிட்ட வச்சு எடுக்குற மேக்ரோ, பின்னணியை மங்கலாக்க உதவுற டெப்த்னு எண்ணிக்கை காட்ட ஒட்டினது. அந்த 50 கூட நாலு பிக்சலை ஒண்ணா சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாத்தான் வெளிய வரும், இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, வெளிச்சம் கூடக் கிடைக்கணும்னுதான் அப்படி செய்யுறாங்க. சென்சார் சின்னது, கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஓஐஎஸ் கிடையாது, அதான் ராத்திரியில சொதப்புது. பகல்ல எடுங்க, நல்லாவே வரும்.

கேள்வி: கால் பேசும்போது கன்னம் பட்டு மியூட் ஆகுது, சில நேரம் கட்டே ஆகுது. போன்ல கோளாறா?

பதில்: காசு மிச்சம் பிடிக்க சில மாடல்ல முகம் கிட்ட வந்ததும் திரையை அணைக்கிற நிஜ ப்ராக்ஸிமிட்டி சென்சாரையே தூக்கிடுறாங்க, இயர்பீஸ்ல இருந்து காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வர்றதை வச்சு முகம் கிட்ட இருக்கான்னு போன் ஒரு குத்துமதிப்பா யூகிக்கும். யூகம் தப்பினா உங்க கன்னம்தான் பட்டன். நாள் முழுக்க போன்லயே பேசுற ஆளுக்கு இது பெரிய தொல்லை, ஆனா ரிவ்யூ பண்றவங்க பாதிப்பேர் அதுல ஒரு கால்கூட பேசிப் பாக்குறதில்ல! கடையில நீங்களே ஒரு கால் போட்டுப் பாத்துடுங்க. போன் எந்தப் பக்கம் திரும்புதுன்னு உணர்ற கைரோஸ்கோப் இருக்கான்னும் கேட்டுக்கோங்க, அதையும் இப்படித்தான் சத்தமில்லாம விட்டுடுவாங்க.

கேள்வி: புது பட்ஜெட் போனா, ரெண்டு வருஷம் பழைய ஃபிளாக்ஷிப்பா, அதாவது கம்பெனியோட உச்ச மாடலா? ரெண்டும் ஒரே விலைக்கு வருது.

பதில்: ப்ராசஸர், கேமரா, ஸ்டோரேஜ் எல்லாத்துலயும் பழசுதான் ஜெயிக்கும், என் ஓட்டும் அதுக்குத்தான். ஆனா செக்யூரிட்டி அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு கம்பெனி சைட்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஒரு வருஷம்கூட இல்லன்னா விட்டுடுங்க, பேங்க் ஆப்பெல்லாம் அதுலதானே வச்சிருப்பீங்க. பேட்டரியும் தேஞ்சிருக்கும், மாத்துற செலவை விலையோட சேர்த்துக் கூட்டிப் பாருங்க. அப்பவும் புது போன் விலையைத் தாண்டலன்னா எடுத்துடலாம்.